குரோமை விட்டு எதற்கு மாறுவது?

கேள்வி இது: "பல வருடமாகக் குரோம்தான் பயன்படுத்துகிறேன். 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப், ஒரு ஆண்ட்ராய்டு போன். விளம்பரங்களைத் தடுக்க வைத்திருந்த யூபிளாக் ஆரிஜினைக் குரோம் அணைத்துவிட்டது. ஃபயர்பாக்ஸுக்குப் போ என்கிறார் ஒருவர், பிரேவ் என்கிறார் இன்னொருவர், எட்ஜே போதும் என்கிறார் மூன்றாமவர். எது வேகம், எது ராமைக் குறைவாகத் தின்னும், எதை எடுப்பது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடத்துக்கு ஃபயர்பாக்ஸ், அதில் யூபிளாக் ஆரிஜின். கூடவே குரோமியம் வகையில், அதாவது குரோமின் அதே அடித்தளத்தில் கட்டியவற்றில், ஒன்று இருக்கட்டும். விண்டோஸில் எட்ஜ் ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதும். ஒரே பிரவுசரில்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இணையதளங்கள் செய்வது என் தொழில். ஒரே பக்கத்தை நான்கு பிரவுசரில் திறந்து பார்ப்பது அன்றாட வேலை. அதனால் எந்தக் கட்சியிலும் எனக்குப் பெரிய பக்தி கிடையாது.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் சொல்ல அதிகமில்லை. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது வேகம் உண்மையிலேயே பெரிய வித்தியாசம்தான். அதன் வி8 இன்ஜின் ஜாவாஸ்கிரிப்டை நேரடியாகக் கணினியின் மொழிக்கு மாற்றி ஓட்டியது. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. அப்புறம் மற்றவர்களும் அதே வழிக்கு வந்துவிட்டார்கள். இன்று வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் சோதனையின் 3-ஆம் பதிப்பை, 2024 மார்ச்சில், ஆப்பிள், கூகுள், ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொஸில்லா எல்லாரும் சேர்ந்தேதான் வெளியிட்டார்கள். அதில் ஒருவர் கொஞ்சம் முன்னே, ஒருவர் கொஞ்சம் பின்னே. சாதாரணமாகச் செய்தி படிப்பவர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெரிவது வேறொன்று: பத்து விளம்பர நிறுவனங்களின் ஸ்கிரிப்டுகளைச் சுமந்து வரும் பக்கம், அவை தடுக்கப்பட்டபின் எப்படித் திறக்கிறது என்பது. எந்த இன்ஜின் என்பதைவிட எதைத் தடுக்கிறீர்கள் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

ராம் விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. குரோம் ராமைத் தின்னும் என்பது பாதி உண்மை. இப்போது எல்லாமே தின்னும். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி புராசஸில், அதாவது தனித்தனி நிரல்போல் பிரித்து, ஓட்டுவதுதான் காரணம், அது வேண்டுமென்றே செய்தது. 2018-ல் ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு வெளியானபோது, ஒரே புராசஸில் ஓடும் இரண்டு தளங்களில் ஒன்று மற்றொன்றின் தகவலை எட்டிப் பார்க்க முடியும் என்று தெரிந்தது. அந்த ஆண்டே குரோம் தளங்களைப் பிரித்து வைக்கத் தொடங்கியது, ஃபயர்பாக்ஸ் 2021-ல் செய்தது. ஆக, தின்னும் ராமில் ஒரு பங்கு பாதுகாப்புக்கான கூலி. 8 ஜிபி வைத்திருக்கும் உங்களுக்கு உதவுவது, பயன்படுத்தாத டேபைத் தூங்க வைக்கும் வசதி. எட்ஜில் அது நன்றாக இருக்கிறது, குரோமில் மெமரி சேவர் என்ற பெயரில் இருக்கிறது, ஃபயர்பாக்ஸ் நினைவகம் குறையும்போது தானாக டேபுகளை இறக்கிவிடும். மாறுவதற்கு முன் குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அதற்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். குற்றவாளி பிரவுசரா, என்றைக்கோ போட்டு மறந்துபோன ஏதாவது எக்ஸ்டென்ஷனா (யூபிளாக் போல பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) என்று அங்கே தெரிந்துவிடும். பல பேருக்கு இரண்டாவதுதான்.

சரி, எதில் வித்தியாசம்? முதலில் இன்ஜினை, அதாவது பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் உள்பகுதியை, பார்க்க வேண்டும். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபெரா, விவால்டி ஐந்தும் குரோமியம் என்ற ஒரே திறந்தமூலத் திட்டத்தின் மேல் கட்டியவை. கடைப் பலகைதான் வேறு, அடுப்படி ஒன்று. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த இன்ஜினோடு 2015-ல் எட்ஜைத் தொடங்கி, தாக்குப்பிடிக்க முடியாமல் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறியது. ஓபெரா அதற்கும் முன்னாலேயே, 2013-ல், தன் இன்ஜினைக் கைவிட்டது. வேடிக்கை என்னவென்றால், குரோமியத்துக்குள் ஓடும் பிளிங்க் இன்ஜினின் மூதாதை லினக்ஸ் உலகத்தில் பிறந்தது. லினக்ஸுக்கான திரைச்சூழலைச் செய்யும் கேடிஇ குழுவினர் எழுதிய கேஹெச்டிஎம்எல் இன்ஜினை எடுத்து ஆப்பிள் வெப்கிட் ஆக்கியது, அதை வைத்துத்தான் 2003-ல் சஃபாரி வந்தது, பிறகு 2013-ல் வெப்கிட்டிலிருந்து பிரிந்தது கூகுளின் பிளிங்க். நெட்ஸ்கேப் வழிவந்த கெக்கோ இன்ஜின் மட்டும் ஃபயர்பாக்ஸில் தனியாக நிற்கிறது. பரவலாகப் புழங்குபவற்றில் மீதமிருப்பது பிளிங்க், வெப்கிட், கெக்கோ என்ற இந்த மூன்றுதான்.

இன்ஜின் ஒன்றாக இருந்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். உங்கள் யூபிளாக்குக்கு நடந்ததே அதற்குப் பதில்.

பழைய முறையில், ஒரு பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் இடையில் நிறுத்திப் பார்க்கும். இது விளம்பரமா, உளவு ஸ்கிரிப்டா என்று அதுவே முடிவெடுத்து வெட்டும். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையில் கூகுள் அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டது. இனி எக்ஸ்டென்ஷன் தன் விதிகளின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பட்டியலைப் பார்த்து வெட்டுவது பிரவுசர். பட்டியலின் நீளத்துக்கு வரம்பு உண்டு, விதிகளின் வகைக்கும் வரம்பு உண்டு. கூகுள் சொன்ன காரணம் பாதுகாப்பு. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பார்க்கும் எல்லாவற்றையும் படிக்கும் அதிகாரம் ஒரு கெட்ட எக்ஸ்டென்ஷன் கையில் கிடைத்தால் ஆபத்துதான், அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் புதிய முறையிலும் பக்கத்தைப் படிக்கும் அனுமதியை எக்ஸ்டென்ஷன்கள் கேட்டு வாங்க முடிகிறது. எது கடினமானது என்றால், விளம்பரக்காரர்கள் தினமும் வேஷம் மாற்றும்போது உடனுக்குடன் ஈடுகொடுப்பது. 2024 இறுதியில் பழைய எக்ஸ்டென்ஷன்களை அணைக்கத் தொடங்கி, 2025-ல் குரோம் அந்தக் கதவை முழுக்கச் சாத்திவிட்டது. யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சிறிய வடிவம் குரோமில் கிடைக்கிறது. சாதாரணத் தளங்களுக்கு அது போதும், இல்லையென்று சொல்லவில்லை. முரண்டு பிடிக்கும் தளங்களில்தான் அதன் கை கட்டியிருப்பது தெரியும்.

ஃபயர்பாக்ஸ் புதிய முறையையும் ஏற்றுக்கொண்டது, பழைய அதிகாரத்தையும் எடுக்கவில்லை. அதனால் முழு யூபிளாக் ஆரிஜின் அங்கே அப்படியே ஓடுகிறது. அதை எழுதியவரே தன் எக்ஸ்டென்ஷன் ஃபயர்பாக்ஸில்தான் நன்றாக வேலை செய்கிறது என்று காரணங்களோடு எழுதி வைத்திருக்கிறார். ஒரு உதாரணம்: சில உளவு நிறுவனங்கள், நீங்கள் பார்க்கும் தளத்தின் பெயரிலேயே ஒரு துணைப் பெயரை வைத்துக்கொண்டு வீட்டு ஆள்போல் நுழையும். அந்தத் துணைப் பெயர் உண்மையில் எங்கே போய்ச் சேருகிறது என்று விசாரித்துப் பார்க்கும் வசதியை எக்ஸ்டென்ஷனுக்கு ஃபயர்பாக்ஸ் தருகிறது. குரோமியத்தில் அது இல்லை.

இதை ஒரு பொறியியல் தீர்மானமாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. பிரவுசர் இலவசம், அப்படியானால் அதைச் செய்பவர் எதில் பிழைக்கிறார் என்று கேட்டாக வேண்டும். கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம். வேறு தளங்களின் வழியாக உங்களைப் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் குக்கிகளையே (பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்புகள்) எடுத்துக்கொள்ளுங்கள். சஃபாரி 2020 மார்ச்சில் அவற்றை முழுவதுமாக நிறுத்தியது. ஃபயர்பாக்ஸ் 2022-ல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி டப்பாவில் அடைத்து, ஒன்றின் குக்கி இன்னொன்றுக்குத் தெரியாதபடி செய்தது. குரோம் 2020-ல், இரண்டு வருடத்தில் நிறுத்துகிறோம் என்றது. தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டது. குரோமில் வேலை செய்பவர்கள் திறமைசாலிகள், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதில் அவர்களோடு போட்டி போடுவது கடினம். ஆனால் திருடனிடமிருந்து காப்பாற்றுவதும் முதலாளியிடமிருந்து காப்பாற்றுவதும் ஒரே வேலை இல்லையே.

குரோமின் தனி விண்டோவான இன்காக்னிட்டோவைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. அது உங்கள் கணினியில் தடயம் விடாது, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளம், உங்கள் இணைய இணைப்பைத் தரும் நிறுவனம், அலுவலக நெட்வொர்க் எல்லாம் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பெயரை நம்பியவர்கள் 2020-ல் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். அப்படிச் சேர்ந்த ஏராளமான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது.

ஃபயர்பாக்ஸைப் பரிந்துரைக்கும் நானே அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். போட்டியாளர் போடும் சோற்றில் வளரும் போட்டியாளர்! (ஆப்பிளுக்கும் இதே ஏற்பாடு உண்டு, 2022-ல் மட்டும் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது.) மொஸில்லாவும் விளம்பரப் பக்கம் கால் வைத்திருக்கிறது. 2024-ல் அனானிம் என்ற விளம்பர அளவீட்டு நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு விளம்பரங்களின் பலனை அளக்கும் ஒரு சோதனை வசதியைக் கேட்காமலே இயக்கி வைத்தது. 2025 பிப்ரவரியில், உங்கள் தகவலை விற்கவே மாட்டோம் என்ற வாக்குறுதியைத் தன் பக்கத்திலிருந்து எடுத்து, கூச்சல் எழுந்தபின் விளக்கம் கொடுத்து வார்த்தைகளைத் திருத்தியது. 2019 மே மாதம் ஒரு சான்றிதழைப் புதுப்பிக்க மறந்து, உலகம் முழுக்க எல்லாருடைய எக்ஸ்டென்ஷன்களையும் ஒரே நாளில் முடக்கிய கதையும் உண்டு. இவ்வளவும் தெரிந்தும் ஏன் அதைச் சொல்கிறேன்? நீங்கள் விளம்பரத்தைத் தடுத்தால் மொஸில்லாவின் பிழைப்பு கெட்டுவிடுவதில்லை. மேலே சொன்ன சோதனை வசதியையும் அமைப்புகளில் போய் அணைக்க முடிந்தது.

தினசரி உறுத்தும் குறை வேறு. குரோமை மட்டும் பார்த்துச் செய்த தளங்கள் பெருகிவிட்டன. போன வருடம் ஒரு நீளமான விண்ணப்பத்தை ஃபயர்பாக்ஸில் நிரப்பிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினால் கல்லுப்போல் இருக்கிறது. எட்ஜில் போய் முதலிலிருந்து நிரப்பினேன், உடனே போனது. தவறு தளத்துடையதுதான், ஆனால் இரண்டு முறை உட்கார்ந்து தட்டியது நான். இதற்காகத்தான் இரண்டாவது பிரவுசர். யூஎஸ்பியில் செருகிய கருவியோடு வலைப்பக்கத்திலிருந்தே பேசும் வெப்யூஎஸ்பி போன்ற வசதிகளும் ஃபயர்பாக்ஸில் இல்லை. வீடியோத் தளங்கள் சில, தங்கள் மிக உயர்ந்த தெளிவை எல்லா பிரவுசருக்கும் கொடுப்பதில்லை. அதற்கும் அதே எட்ஜ்.

பிரேவைப் பார்ப்போம். ஜாவாஸ்கிரிப்டை 1995-ல் உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது. விளம்பரத் தடுப்பை எக்ஸ்டென்ஷனாக வைக்காமல் பிரவுசருக்குள்ளேயே கட்டியிருப்பதால் மேனிஃபெஸ்ட் வி3 அதைத் தொடவில்லை. நிறுவிய நிமிடத்திலிருந்தே தடுக்கும், எதையும் தொட வேண்டாம். அமைப்புகளுக்குள் போகவே பயப்படும் ஒருவருக்குப் போட்டுக்கொடுக்க வேண்டுமானால் நான் ஃபயர்பாக்ஸைவிட பிரேவைத்தான் போடுவேன். எனக்கு ஒட்டாதது அதைச் சுற்றியிருக்கும் சரக்கு. கிரிப்டோ வாலட், விளம்பரம் பார்த்தால் டோக்கன், செய்தி, ஏஐ என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வர வேண்டும். 2020-ல், பைனான்ஸ் என்ற கிரிப்டோ சந்தையின் முகவரியை யாராவது தட்டினால் தங்களுக்குக் கமிஷன் வரும் குறியீட்டை ஒட்டி நிரப்பிக்கொடுத்து மாட்டிக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பக்கங்கள் உடையாமல் வேண்டும், ஒரே பிரவுசர்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் பிரேவை எடுங்கள். தப்பான தேர்வு இல்லை.

எட்ஜ் நல்ல பிரவுசர், மோசமான விருந்தாளி. உரக்கப் படிக்கும் குரல்கள், பிடிஎஃப் வசதி, தூங்கும் டேபுகள் எல்லாம் அருமை. ஆனால் வேறு பிரவுசரை இறக்கப் போனால் வழிமறிக்கும், விண்டோஸ் தேடலில் வரும் இணைப்புகளை உங்கள் விருப்பத்தைக் கேட்காமல் தன்னிலேயே திறக்கும், வாங்கும் பொருளுக்குக் கூப்பன் நீட்டும். இரண்டாவது பிரவுசராக மூலையில் உட்கார வைத்தால் தொல்லை இல்லை.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். விவால்டி, டேபுகளை அடுக்கி, பிரித்து, மறுபடி அடுக்கி விளையாடப் பிடிப்பவர்களுக்கு; ஓபெராவின் பழைய தலைவர் யோன் வான் டெட்ஷ்னர் நடத்துவது, நாணயமானவர்கள். ஓபெராவையே எடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. சஃபாரி உங்களுக்குப் பொருந்தாது, 2012-க்குப் பிறகு விண்டோஸுக்கு அது வருவதே இல்லை. டோர் பிரவுசர், நீங்கள் யாரென்றே தெரியக் கூடாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. அதில் வங்கிக் கணக்கைத் திறந்து பரிசோதிக்க வேண்டாம்.

2025-ல் வந்த ஏஐ பிரவுசர்கள், பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட், ஓபன்ஏஐயின் அட்லஸ் போன்றவை, தனிக் கதை. உங்களுக்காகப் பக்கத்தைப் படித்து, பொத்தானையும் அவையே அழுத்தும். ஒரு பக்கத்துக்குள் ஒளித்து வைத்த வரியைக்கூட உங்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டு அவை வேலை செய்துவிடும் ஆபத்து இன்னும் தீரவில்லை. மெயிலும் வங்கியும் திறந்திருக்கும் இடத்தில் அதை உட்கார வைக்க எனக்குத் தைரியமில்லை.

போனில் முடிவு இன்னும் சுலபம். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போடவே முடியாது. ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கு நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்களைத் திறந்துவிட்டது, யூபிளாக் ஆரிஜின் அதற்கு முன்பிருந்தே ஓடுகிறது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதமே செல்லாது. அங்கே குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் 2024-ல் அந்த நாடுகளில் ஆப்பிள் கதவைத் திறந்தது.

மாறும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஃபயர்பாக்ஸை நிறுவினால் குரோமிலிருந்து புக்மார்க், வரலாறு ஆகியவற்றை எடுக்கட்டுமா என்று அதுவே கேட்கும், சரியென்று சொல்லுங்கள். முதல் வேலையாக யூபிளாக் ஆரிஜினைப் போடுங்கள். இன்னொரு தடுப்பானைக் கூடச் சேர்க்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று இடறும். அலுவலகக் கணக்கு, சொந்தக் கணக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்க வேண்டுமென்றால், மொஸில்லாவே தரும் மல்ட்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். என்னை ஃபயர்பாக்ஸில் கட்டிப்போட்டிருப்பது உண்மையில் அதுதான். லேப்டாப்பையும் போனையும் ஒத்திசைக்கும் ஃபயர்பாக்ஸ் சிங்க், தகவலை உங்கள் கருவியிலேயே பூட்டித்தான் அனுப்பும். குரோமில் புக்மார்க், வரலாறு உட்பட எல்லாவற்றையும் கூகுளுக்குத் தெரியாமல் பூட்ட வேண்டுமானால் நீங்களாகப் போய்த் தனி பாஸ்ஃபிரேஸ் (நீளமான பாஸ்வேர்டு) வைக்க வேண்டும்.

பாஸ்வேர்டுகளில் மட்டும் நிதானம் வேண்டும். பல நேரம் அவற்றை ஒரு சிஎஸ்வி ஃபைலாக எடுத்து ஏற்ற வேண்டியிருக்கும். அந்த ஃபைலில் பூட்டு எதுவும் கிடையாது, நோட்பேடில் திறந்தாலே எல்லாம் வரிசையாகத் தெரியும். நான் ஒருமுறை அப்படி எடுத்து ஏற்றிவிட்டு, டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. அந்த ஃபோல்டர் தானாகக் கிளவுடுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது; அன்று சாயங்காலம் முழுக்க பாஸ்வேர்டு மாற்றுவதிலேயே போயிற்று. ஏற்றி முடித்த கையோடு அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். குரோமை உடனே நீக்க வேண்டாம், ஒரு மாதம் கிடக்கட்டும். அந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை அதைத் திறந்தீர்கள், எந்தத் தளத்துக்காகத் திறந்தீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். அந்தத் தளங்கள் எல்லாம் எட்ஜில் ஓடினால் குரோமை நீக்கிவிடலாம்.